சிப் போட்ட பெட்டி

முதல் தலைமுறை சோனி ப்ளேஸ்டேஷனைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஜப்பானியத் தொழிற்சாலை அடுக்கிய ஒழுங்கு ஒரு மூலையில் திடீரென்று குலையும். அங்கே எட்டுக் கால் ஐசி ஒன்று இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். எண் தெரியாதபடி அதன் முதுகை உப்புத்தாளால் தேய்த்திருப்பார்கள். அதிலிருந்து கிளம்பும் மெல்லிய கம்பிகள், சில பெட்டிகளில் நாலு, சிலவற்றில் ஆறேழு, போர்டின் குறுக்கே ஓடிப் பெரிய ஐசிகளின் கால்களில் போய்ப் பற்றியிருக்கும். 1990களின் பிற்பகுதியில் சென்னையில் புழங்கிய பெட்டிகளில் இந்தக் கம்பிகள் இல்லாததை நான் பார்த்தது அபூர்வம். 'சிப் போட்ட பெட்டி' என்பதுதான் கடைத்தெருவில் அதற்குப் பெயர். சிப் போடாத பெட்டியை யாரும் கேட்டு வாங்கவும் இல்லை.

இப்போது அந்தப் பெட்டிகள் பரணிலிருந்து இறங்கி என் பழுதுபார்க்கும் மேசைக்கு வருகின்றன. கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்தவர்கள். "அண்ணே, அந்தக் கம்பியெல்லாம் பிடுங்கிட்டு ஒரிஜினலா ஆக்கிக் குடுங்க" என்கிறார்கள். பெட்டியை ஓட வைத்துத் தருகிறேன். கம்பியைப் பிடுங்க மாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். சிலருக்கு வருத்தம். பழம்பொருள் சேகரிப்பவர்களின் சந்தையில் கைபடாத பெட்டிக்குத்தான் விலை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சிப் அந்தப் பெட்டியின் வரலாற்றில் பாதி என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைப் பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது தொழிற்சாலையின் வரலாறு மட்டும்தான். நம் ஊருக்கு அந்தப் பெட்டி எப்படி வந்தது, எப்படி ஓடியது, யார் கையால் ஓடியது என்பதெல்லாம் குப்பைக்குப் போய்விடும்.

ப்ளேஸ்டேஷன் ஜப்பானில் 1994 டிசம்பர் 3 அன்று விற்பனைக்கு வந்தது. 1995 செப்டம்பரில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனது. 2006 மார்ச்சில் உற்பத்தி நிற்பதற்குள் 10 கோடிக்கு மேல் விற்றது. அதற்கு முன் வந்த பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு விளையாட்டு கேட்ரிட்ஜில் வரும். அதற்குள் இருக்கும் ஐசிக்கு விலை அதிகம். சோனி சிடியைப் பிடித்துக்கொண்டது. அச்சடிக்க மலிவு, இடமும் ஏராளம். ஆனால் சிடியைப் பிரதி எடுக்கும் ரைட்டர்கள் விரைவில் வீட்டுக்கு வீடு வரும் என்பதும் சோனிக்குத் தெரிந்திருந்தது. அதனால் போட்ட பூட்டு இருக்கிறதே, அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வியப்பு குறையவில்லை.

சிடியில் தகவல் ஒரே சுருள் பாதையாக உள்ளிருந்து வெளியே ஓடுகிறது. லேசர் அந்தப் பாதையை விட்டு விலகாமல் பிடித்து வைக்க ஒரு சர்வோ சுற்று இருக்கும். சோனி என்ன செய்தது என்றால், தன் ஆலையில் அச்சடிக்கும் சிடிகளின் தொடக்கப் பகுதியில் அந்தப் பாதையையே மயிரிழை அளவுக்கு இடமும் வலமுமாக நெளிய விட்டது. லேசர் நெளிவைப் பின்தொடரும். சர்வோவில் ஒரு சிற்றலை எழும். அந்த அலையை நொடிக்கு 250 பிட் என்ற நிதானமான வேகத்தில் படித்தால் நான்கு எழுத்துகள் கிடைக்கும். ஜப்பான் சிடி என்றால் எஸ்.சி.இ.ஐ., அமெரிக்கா என்றால் எஸ்.சி.இ.ஏ., ஐரோப்பா என்றால் எஸ்.சி.இ.இ. பெட்டிக்குள் சிடி பகுதியைக் கவனிக்கும் சின்னக் கணினி ஒன்று தன் நாட்டு எழுத்தைக் கேட்டால்தான் வழிவிடும். சிடி ரைட்டர் பிரதி எடுப்பது குழிகளில் உள்ள தகவலை மட்டும். பாதையின் நெளிவு அந்தத் தகவலில் சேராது. காலி சிடியில் ஏற்கெனவே வேறொரு தடம் வெட்டியிருக்கும், ரைட்டர் அதன் மேல்தான் போயாக வேண்டும். ஆக, எவ்வளவு துல்லியமாகப் பிரதி எடுத்தாலும் அந்த நான்கு எழுத்து வராது.

ப்ளேஸ்டேஷன் சிடியின் அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்புதான் பூட்டு என்று எங்கள் தெருவில் பலர் நம்பினார்கள். பிறகு கறுப்பு நிறக் காலி சிடிகளும் கடைக்கு வந்தன, கூடுதல் விலைக்குப் போயின. கறுப்புக்கும் பூட்டுக்கும் சம்பந்தமே இல்லை. லேசரின் அகச்சிவப்பு ஒளிக்கு அந்தச் சாயம் வெறும் கண்ணாடிதான்.

சிப் வருவதற்கு முன் கைவித்தை இருந்தது. மூடி மூடியிருக்கிறதா என்று பார்க்கும் சின்ன சுவிட்சை ஒரு பேனா ஸ்பிரிங்கால் அழுத்திவைத்துவிடுவார்கள். ஒரிஜினல் சிடியைப் போட்டுச் சுழல விட்டு, பூட்டுச் சோதனை முடிந்த கணத்தைக் காதால் பிடிக்க வேண்டும். சுழற்சியின் சத்தம் மாறும் இடத்தில், ஓடிக்கொண்டிருக்கும் சிடியை விரலால் தூக்கிவிட்டுப் பிரதியை வைக்க வேண்டும். லென்ஸில் விரல் பட்டால் போச்சு, மோட்டாரின் தலை வளைந்தாலும் போச்சு. மோட்டார்த் தலை ஒரு பக்கம் சாய்ந்த பெட்டிகள் இன்றும் என்னிடம் வருவதுண்டு. அதைப் பார்த்தாலே இந்த வித்தையில் அடிபட்டது என்று சொல்லிவிடலாம்.

பெட்டி வெளிவந்து ஓரிரு ஆண்டுகளுக்குள் சிப் வந்துவிட்டது. அதன் யோசனை எளிது. நெளிவிலிருந்து எழுத்து வரும் கம்பியை அடக்கிவிட்டு, அந்த இடத்தில் சிப்பே நான்கு எழுத்தைச் சொல்லும். மூன்று நாட்டு எழுத்துகளையும் மாற்றி மாற்றிச் சொல்லத் தெரிந்த சிப்பும் வந்தது. முதலில் 18 கால் பிக் (PIC) ஐசி. பிறகு அரிசோனா மாநிலத்து மைக்ரோசிப் நிறுவனத்தின் பிக் 12சி508, எட்டே கால். அதன் நிரல் நினைவகத்தில் 512 சொற்கள், வேலை நினைவகத்தில் 25 பைட். அந்த 25 பைட் இன்று ஒரு குறுஞ்செய்திக்குக் கூடப் போதாது. இவ்வளவு சின்ன இடத்துக்குள் உலகத்தின் பெரிய மின்னணு நிறுவனம் ஒன்றின் பூட்டுக்குச் சாவியை எழுதியவர்களின் கெட்டிக்காரத்தனத்தை எனக்குப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. ஒருமுறை எழுதினால் அழிக்க முடியாத ரகம் அது. உள்ளே எழுதியதை வெளியே படிக்க முடியாதபடி பூட்டும் வசதியும் உண்டு. அந்தப் பூட்டையும் பிறர் உடைத்தார்கள். ஓல்ட் குரோ என்ற புனைபெயர்க்காரர் நிரலையும் வரைபடத்தையும் இணையத்தில் எல்லோருக்கும் வைத்தார். அதன் பிறகு, ஐசியில் நிரல் எழுதும் கருவி வைத்திருந்த எவரும் சிப் செய்யலாம் என்றாகிவிட்டது.

சென்னைக்குச் சிப்பும் பெட்டியும் வந்த வழி பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969இல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே போட்ட கடை வரிசை, அதற்குள் வெளிநாட்டுச் சாமான்களின் வாசலாகிவிட்டிருந்தது. பெட்டிகள் சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் ஊர் திரும்புகிறவர்களின் பெட்டியோடு பெட்டியாக வந்தன. சில அங்கேயே சிப் போட்டு வந்தன. போடாதவை அண்ணா சாலையைத் தாண்டி ரிச்சி தெருவுக்கு வந்தன. அதை ஒட்டிய மீரான் சாகிப் தெருவிலும் நரசிங்கபுரம் தெருவிலும் மாடிப்படிக்குக் கீழே, கதவிடுக்கில், ஒரு மேசை போடும் இடம் கிடைத்தால் அங்கே ஒரு மெக்கானிக் உட்கார்ந்திருப்பார். நான் தொழில் கற்றது அப்படி ஒரு மேசையில். எனக்குக் கற்றுக்கொடுத்த பாய் டேப்ரெக்கார்டர், டிவி என்று வளர்ந்தவர். ஆங்கிலத்தில் வந்த வரைபடத்தைப் படித்துக் காட்டச் சொல்லி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். 25 வாட் சோல்ட்ரான் அயர்னின் முனையை அரத்தால் ஊசிபோல் ராவி வைத்திருப்பார். கம்பி கடையில் வாங்கியதல்ல, பழைய ரிலேயின் சுருளிலிருந்து உருவிய எனாமல் கம்பி. பிளேடால் நுனியைச் சுரண்டி, ஈயம் ஏற்றி, ஐசியின் காலில் ஒரு தொடு. "கால்ல வைக்காதே, காலோட முட்டியில வை. ரெண்டு காலும் சேர்ந்துடுச்சுன்னா போர்டே போச்சு" என்பார். கம்பி பிடித்த பிறகு மூச்சை விடுவார்.

பெட்டியைத் திறந்தவுடன் எந்தப் பக்கத்து வேலை என்று எனக்குத் தெரிந்துவிடும். அது கையெழுத்து மாதிரி. சிங்கப்பூர் வேலையில் கம்பிகள் ஒரே நிறத்தில், ஒரே நீளத்தில், வளைவுகளில் பசை வைத்துப் படுத்திருக்கும். எங்கள் தெரு வேலையில் எனாமல் கம்பி செம்பாக மின்னும், சிப்பைப் பிடித்துக்கொள்ள எம்-சீல் அப்பியிருக்கும். சிலர் சிப்பின் அடியில் சிகரெட் அட்டையை வெட்டி வைத்து மின்கசிவைத் தடுத்திருப்பார்கள். ஒரு பெட்டியில் அட்டைக்குப் பதில் தமிழ் தினத்தாளை நாலாக மடித்து வைத்திருந்தது. அதில் மழை பற்றிய செய்தி படிக்கக் கிடைத்தது. அந்தக் காகிதத்தைப் பிடுங்கி எறிந்து 'ஒரிஜினல்' ஆக்குவதில் என்ன இருக்கிறது?

சிப் மட்டும் போதவில்லை என்பது இந்தத் தொழிலில் பலர் மறந்துவிட்ட பகுதி. அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட்காரப் பெட்டி. தெரியாமல் நம் 230 வோல்ட் பிளக்கில் செருகினால் அந்தக் கணமே பவர் போர்டு போகும். செத்துப்போன ஐரோப்பியப் பெட்டியின் பவர் போர்டைக் கழற்றி அதில் மாட்டுவோம். அடுத்தது நிறம். நம் டிவி பால் (PAL) முறை. ஐரோப்பியப் பெட்டியில் சிப் போட்டு அமெரிக்க, ஜப்பான் சிடியை ஓட்டினால் படம் வரும், பல டிவிகளில் நிறம் வராது. பெட்டியின் கடிகார அலையிலிருந்து நிற அலையை வகுத்து எடுப்பதால் அது டிவி எதிர்பார்க்கும் அலைவரிசைக்குச் சற்றுத் தள்ளி விழும். அதற்குத் தனியாக ஒரு கிறிஸ்டல் வைத்துக் கட்ட வேண்டும். வின்னிங் லெவன் கால்பந்தின் ஜப்பான் சிடிக்குத்தான் இங்கே ஓயாத கேட்பு. அதைக் கறுப்பு வெள்ளையில் ஆடி, எந்த அணி எது என்று குழம்பிய பிள்ளைகளுக்காகவே இந்தக் கிறிஸ்டல் வேலை நடந்தது. சிப்போடு கிறிஸ்டலும் இருக்கும் பெட்டியைப் பார்த்தால், அது மணிக்கணக்கில் காசு வாங்கிய வீடியோ கேம் கடைப் பெட்டி என்று ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லலாம்.

இது திருட்டுக்குத் துணை போன தொழில்தான். அதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. டெக்கன் 3-ஐயும் கிரான் டுரிஸ்மோவையும் ராப்பகலாக உழைத்துச் செய்தவர்களுக்குச் சென்னையின் பெரும்பாலான கடைகளிலிருந்து ஒரு காசு போகவில்லை. அதே நேரம், அந்தப் பூட்டு பிரதியை மட்டும் தடுக்கவில்லை. டோக்கியோவில் முழு விலை கொடுத்து வாங்கிய ஒரிஜினல் சிடியை லண்டனில் வாங்கிய பெட்டி ஏற்காது. காசு கொடுத்தவனையும் அது வெளியே நிறுத்தியது. இரண்டையும் ஒரே நான்கு எழுத்தில் கட்டி வைத்ததால்தான் வழக்குமன்றங்களே குழம்பின.

ஆஸ்திரேலிய வழக்குதான் அதில் முக்கியமானது. சிட்னியில் சிப் விற்றும் போட்டுக் கொடுத்தும் வந்த எடி ஸ்டீவன்ஸ் மீது சோனி வழக்குத் தொடுத்தது. 2002இல் முதல் நீதிபதி அவர் பக்கம். 2003இல் மேல் அமர்வு சோனி பக்கம். 2005 அக்டோபர் 6 அன்று உயர் நீதிமன்றம் ஒருமனதாக ஸ்டீவன்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த நாட்டில் அதற்கு மேல் நீதிமன்றம் இல்லை. வாதத்தின் சாரம் இது: பெட்டியின் பூட்டு பிரதி எடுப்பதைத் தடுக்கவில்லை, பிரதி அதற்கு முன்பே எடுத்தாகிவிட்டது, பூட்டு தடுப்பது அதை ஆடுவதை மட்டும், ஆடுவது பதிப்புரிமை மீறல் ஆகாது. சிடிக்கு நாட்டு எல்லை போடுவதற்கு எதிராக அந்நாட்டு நுகர்வோர் ஆணையமே வழக்கில் வாதாடியது. பிறகு அமெரிக்காவோடு செய்துகொண்ட வணிக ஒப்பந்தத்தை ஒட்டி ஆஸ்திரேலியா தன் சட்டத்தை மாற்றிக்கொண்டது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் இப்படிப்பட்ட பூட்டை உடைப்பது பற்றிய பிரிவு 65ஏ சேர்ந்தது 2012இல்தான். உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பதுதான் அதில் குற்றம். ப்ளேஸ்டேஷன் அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே உற்பத்தியை விட்டுப் போயிருந்தது.

சட்டத்தை நம்பி விளையாட்டு நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. பழைய சிப் ஓயாமல் எழுத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரிஜினல் சிடியிலோ தொடக்கத்தில் மட்டும்தான் எழுத்து உண்டு. அதனால் விளையாட்டு நடுவே, எழுத்து இருக்கக் கூடாத இடத்தில் காது கொடுத்துக் கேட்பார்கள். அங்கும் எழுத்து வந்தால் பெட்டியில் சிப் இருக்கிறது என்று தெரிந்துவிடும். எச்சரிக்கை வந்து விளையாட்டு நின்றுவிடும். டைனோ கிரைசிஸ் வந்த சமயத்தில் எங்கள் மேசைக்கு முன்னால் நின்ற கூட்டத்தை நான் மறக்கவில்லை. பதிலுக்கு 'ஸ்டெல்த்' சிப் வந்தது: எழுத்தைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும், மூடியைத் திறந்து மூடினால்தான் மறுபடி பேசும். ஆறேழு கம்பி உள்ள சிப்புகள் இந்தக் கட்டத்தைச் சேர்ந்தவை. கூடுதல் கம்பிகள் மூடியையும் ரீசெட்டையும் கவனிக்கின்றன. கம்பியை எண்ணினாலே பெட்டியில் கைவைத்த காலம் தெரிந்துவிடும். 2000இல் வந்த ஸ்பைரோவின் மூன்றாவது விளையாட்டு இன்னும் ஒரு படி போனது. பூட்டை உடைத்த பிரதி என்று கண்டுகொண்டால் உடனே நிறுத்தாது. சேர்த்த மணிகளைக் காணாமலடிக்கும், கடைசிக் கட்டத்தில் சேமித்ததையே அழிக்கும். உடைப்பவர்களை அது இரண்டு மாதம்போல் தடுத்து நிறுத்தியதை அதை எழுதிய நிரலாளரே பின்னால் விவரித்திருக்கிறார். இரு தரப்பிலும் இருந்தவர்கள் தங்கள் வேலையில் கைதேர்ந்தவர்கள்.

இனி மேசைக்கு வருகிறேன். இப்போது என்னிடம் இருப்பது எஸ்.சி.பி.எச். 5502, ஐரோப்பிய ரகம், உள்ளே பி.யு.-18 போர்டு. ஆரம்ப 1000 வரிசைப் பெட்டிகளைவிட இது நல்ல பிறவி. அவற்றில் லேசர், சூடாகும் பவர் போர்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. லேசர் நகரும் தண்டவாளமும் பிளாஸ்டிக். தேய்ந்து லேசர் சரிந்துவிடும். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் ஓடும் என்று உலகம் முழுக்கப் பிள்ளைகள் கண்டுபிடித்தது இந்தத் தேய்மானத்தால்தான். 5500 வரிசையில் லேசரைச் சூட்டிலிருந்து தள்ளி வைத்தார்கள்.

நம் ஊர்ப் பெட்டிகளுக்கு வேறு எதிரிகள். பவர் போர்டின் வெதுவெதுப்பைத் தேடி வரும் கரப்பான் முதலாவது. அதன் கழிவு ஐசிக் கால்களுக்கு நடுவே காய்ந்து ஈரம் பட்டதும் மின்சாரம் கடத்தும். இரண்டாவது கடல் காற்று. திருவொற்றியூரிலும் சாந்தோமிலும் இருந்து வரும் பெட்டிகளில் மூடித் தகட்டின் ஓரம் துருவாகவும் செம்பு தெரியும் இடம் பச்சையாகவும் இருக்கும். முதல் வேலை பிளக்கைப் பிடுங்கி வைத்துக் காத்திருப்பது. பவர் போர்டின் பெரிய கபாசிட்டர் 400 வோல்ட் ரகம், அதில் மின்சாரம் மிச்சமிருக்கலாம். பிறகு மெல்லிய தூரிகையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும். லேசர் நகரும் பல்சக்கரத்தில் தொழிற்சாலை வைத்த வெள்ளைக் கிரீஸ் கிட்டத்தட்ட 30 ஆண்டில் கோந்தாகிவிட்டிருக்கும். அதைத் துடைத்துப் புதிது வைத்தாலே பாதிப் பெட்டிகள் சிடியைப் படிக்க ஆரம்பித்துவிடும். 'லென்ஸ் போச்சு' என்று கைவிட்ட பெட்டிகள் பலவற்றில் லென்ஸ் போயிருக்காது, கிரீஸ்தான் போயிருக்கும்.

லேசரின் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைக் கொஞ்சம் திருகினால் படிக்காத லேசர் படிக்கும். அன்றைய அவசரத்தில் பலர் திருகிக் கொடுத்தார்கள். லேசருக்கு அதிக மின்னோட்டம் போய் ஆயுள் குறையும் என்பதால் நான் கடைசிவரை அதைத் தொடுவதில்லை. யாரோ திருகிய அடையாளம் இருந்தால் அளந்து பழைய இடத்துக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன்.

சிப்பின் வேலை அதற்குப் பிறகு. முதலில் பல கோணங்களில் படம் எடுத்துக்கொள்வேன். இரட்டைப் பக்க டேப்பின் பசை வெயிலில் இளகி வழிந்திருக்கும். சிப் தளர்ந்து ஆடும். ஆடியதால் கம்பி பற்றுமிடத்தில் முறிந்திருக்கும். முதலாம் காலுக்கும் எட்டாம் காலுக்கும் நடுவே வோல்ட் வருகிறதா என்று மீட்டரில் பார்க்க வேண்டும். வந்தால், ஆசிலோஸ்கோப்பை எழுத்து வரும் கம்பியில் வைத்து மூடியை மூட வேண்டும். அந்த 250 பிட் அலை திரையில் நிதானமாக ஓடும். பெயர் தெரியாத ஒருவர் ஒரே ஒருமுறை எழுதி வைத்த நான்கு எழுத்தை அந்த ஐசி இத்தனை ஆண்டு கழித்தும் பிசகாமல் சொல்வதைப் பார்க்கும்போது எனக்குத் தொழில் மேல் மரியாதை கூடுகிறது. முறிந்த கம்பியை அதே கனத்துக் கம்பியால், அதே வழியில், அதே இடத்தில் பற்றவைக்கிறேன். ஈயமும் அக்காலத்து 60/40 கலவைதான். சிப்பே செத்திருந்தால் ஏடி டைனி 85 ஐசியில் பி.எஸ்.நீ என்ற திறந்த நிரலை ஏற்றி அந்த இடத்தில் வைக்கிறேன். பழைய சிப்பைச் சின்னப் பையில் போட்டு மூடிக்குள் ஒட்டிக் கொடுக்கிறேன்.

தொழிற்சாலை வைத்ததெல்லாம் புனிதம், பிறர் வைத்ததெல்லாம் அழுக்கு என்று நினைப்பவர்கள் மைக்ரோசாப்டின் முதல் எக்ஸ்பாக்ஸைத் திறந்து பார்க்க வேண்டும். 2001 நவம்பர் 15 அன்று வந்த பெட்டி, 733 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் மூளை, 8 அல்லது 10 ஜிபி ஹார்ட் டிஸ்க். கடிகாரத்தை ஓட வைக்க ஒரு கபாசிட்டரை அதில் வைத்தார்கள். 1.6 ரகத்துக்கு முந்தைய போர்டுகளில் அந்தக் கபாசிட்டர் ஒழுகி, பக்கத்து டிராக்குகளை அரித்துத் தின்றுவிடும். பெட்டி தானாகவே ஆன் ஆவது, ஆகாமலே போவது எல்லாம் அதனால்தான். எக்ஸ்பாக்ஸ் வந்தால் நான் முதலில் பிடுங்குவது அந்த ஒரிஜினல் பாகத்தைத்தான். இன்னொன்று, அதன் ஹார்ட் டிஸ்க்குக்குக் கடவுச்சொல் உண்டு. அது போர்டில் உள்ள 256 பைட் நினைவக ஐசியிலிருந்து பிறக்கிறது. டிஸ்க் தேய்ந்து நின்றுபோனால், கைவைக்காத பெட்டியில் புது டிஸ்க்கை மாட்டி ஓட்ட முடியாது. சிப் போட்ட பெட்டியில் முடியும். இன்று ஓடும் எக்ஸ்பாக்ஸ்களில் கணிசமானவை உயிரோடு இருப்பது கள்ளச் சிப்பின் தயவில்.

எக்ஸ்பாக்ஸின் பூட்டை உடைத்த கதைக்குப் பெயரும் முகமும் இருக்கிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர் ஆண்ட்ரூ ஹுவாங், இரு ஐசிகளுக்கு நடுவே பாயும் தகவலை வழிமறித்துப் படித்து, 512 பைட் ரகசிய நிரலை வெளியே எடுத்தார். 2002 மே மாதம் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அவர் எழுதிய புத்தகத்தை வெளியிட ஒப்புக்கொண்ட பதிப்பகம் சட்டத்துக்கு அஞ்சிப் பின்வாங்கியது. வேறு பதிப்பகம் 2003இல் கொண்டுவந்தது. 2013இல் இணையச் செயற்பாட்டாளர் ஆரன் ஸ்வார்ட்ஸின் நினைவாக அவர் அதை இலவசமாகவே கொடுத்துவிட்டார். இன்று டிவிகளில் ஓடும் 'கோடி' (Kodi) என்ற மென்பொருள், சிப் போட்ட எக்ஸ்பாக்ஸில் படம் பார்க்க எழுதியதிலிருந்து வளர்ந்தது. ரிச்சி தெருவில் எனாமல் கம்பி உருவியவர்களுக்கு இப்படிப் புத்தகமும் பெயரும் கிடைக்கவில்லை. அவர்கள் எழுதி வைத்தது போர்டின் மேல் மட்டும்தான்.

இப்போது சிப் தேவைப்படாத காலம் வந்துவிட்டது. ப்ளேஸ்டேஷனின் சிடிக் கணினிக்குள் சோனியே ஒரு ரகசியக் கட்டளை வைத்திருந்தது பின்னால் தெரியவந்தது. ஐரோப்பிய, அமெரிக்கப் பெட்டிகளில் உரிமம் பற்றிய சில சொற்களை வரிசையாக அனுப்பினால் பூட்டு தானே திறந்துகொள்ளும். ஜப்பான் பெட்டியில் அந்த வழி இல்லை. 2021இல் வந்த ஃப்ரீ பி.எஸ்.எக்ஸ். பூட் என்ற முறையில் நினைவட்டையைச் செருகி, பெட்டியின் நினைவட்டைத் திரையைத் திறந்தாலே போதும், அயர்னே சூடாக வேண்டாம். லேசருக்குப் பதிலாக எஸ்.டி. கார்டிலிருந்து விளையாட்டை எடுக்கும் எக்ஸ்ஸ்டேஷன் போன்ற போர்டுகளும் விற்கின்றன. அதே 2021இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் பரிந்துரைப்படி காங்கிரஸ் நூலகர், விளையாட்டுப் பெட்டியின் டிஸ்க் டிரைவைப் பழுதுபார்ப்பதற்காகப் பூட்டைத் திறப்பதற்கு விலக்கு அளித்தது. நாங்கள் மாடிப்படிக்குக் கீழே செய்ததன் ஒரு சிறு துண்டாவது அங்கே சட்டத்துக்குள் வந்திருக்கிறது.

வசதி கூடியதால் சிப்புக்கு ஆபத்தும் கூடியிருக்கிறது. இனி எதற்கு என்று பிடுங்குகிறார்கள். பிடுங்கும்போது ஐசியின் கால் தூக்கிக்கொள்ளும், டிராக் உரிந்து வரும். பெட்டி ஒரிஜினலும் ஆகாமல் பழையபடியும் இல்லாமல் நிற்கும். மேசை போட்டிருந்தவர்களில் பலர் செல்போன் வேலைக்குப் போனார்கள், சிலர் ஊருக்குப் போனார்கள். பாய் இப்போது இல்லை. அவர்கள் யாரும் கணக்கு எழுதி வைக்கவில்லை, பில் கொடுக்கவில்லை, கடைக்குப் பெயர்ப்பலகை கூட வைக்கவில்லை. அவர்கள் வேலைக்கு மிஞ்சியிருக்கும் ஆதாரம் பெட்டிக்குள் இருக்கும் அந்தக் கம்பிகள் மட்டுமே.

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பெட்டி இருந்தால், எடைக்குப் போடாதீர்கள். பழுதுபார்க்கக் கொடுக்கும் முன் மூடியைத் திறக்கச் சொல்லி உள்ளே படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஆண்டு, யார் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது, எந்தத் தெருவில் சிப் போட்டது, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று நினைவிருப்பதை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். அப்பாவோ மாமாவோ இருந்தால் அவர்களிடம் இப்போதே கேட்டு எழுதுங்கள். மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது, கம்பியைச் சரி செய்யலாம், பிடுங்கக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள்.